சைக்கிள் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும்

விடுதிக் கூடத்தில் மாலை நேரங்களில் நீங்கள் இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே போட்டுக்கொண்டு, ஒருத்தி அதிகாரியாகவும் மற்றவள் வேலை கேட்டு வந்தவளாகவும் மாறி மாறி உட்கார்ந்து பழகுகிறீர்கள். எந்தப் புடவை, எவ்வளவு உரக்கப் பேசுவது, கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் எத்தனை நேரம் யோசிக்கலாம் என்றெல்லாம் விவாதம் நடக்கிறது. நான் ஜன்னலோரத்தில் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறேன். "நீ ஏன் வர மாட்டேங்குற? உனக்கு மட்டும் வேலை தானா வந்து கதவத் தட்டுமா?" என்று நேற்று ஒருத்தி கேட்டாள். எனக்குப் பேச்சு எளிதில் வாய்ப்பதில்லை. ஆகவே எழுதுகிறேன். இருபத்திரண்டு வயதில் பழைய நினைவு எழுத உட்காருவது உங்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால், நேர்முகத் தேர்வுக்கு ஒருவர் தயாராவதை நான் முதன்முதலாகப் பார்த்தது நான்காம் வகுப்பின் முடிவில். தயாரானவள் என் அம்மா.

மதுரையிலிருந்து எங்கள் மாவட்டம் தனியாகப் பிரிந்த மறு வருஷம் அது. அதற்கு முந்தின ஆடியில் அப்பா மஞ்சள் காமாலையில் இறந்திருந்தார். அவர் திண்டுக்கல்லில் ஓர் அரசு அலுவலகத்தில் கடைநிலை ஊழியர். காக்கிப் பையில் தபால்களைப் போட்டுக்கொண்டு ஊர் முழுக்கச் சைக்கிளில் சுற்றி வருவதுதான் அவருடைய வேலை. பங்குனி வாக்கில் அதே அலுவலகத்திலிருந்து அம்மாவுக்கு ஓர் அட்டை வந்தது. இறந்தவரின் மனைவி என்ற முறையில் வேலை கோரிய மனு ஏற்கப்பட்டிருக்கிறது, நேரில் வரவும் என்று அதில் இருந்தது. கல்வி, எட்டாம் வகுப்பு. அதற்கடியில், சைக்கிள் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும்.

அம்மா அந்தக் கடைசி வரியை வாய்விட்டுப் படித்துவிட்டு, அட்டையைச் சாமி படத்துக்குக் கீழே செருகிவைத்தாள். அதன்பிறகு அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்தாள்.

வடமதுரையிலிருந்து பெரியப்பா வந்தார். அப்பாவின் அண்ணன். எங்களுக்கு இருந்த ஒரே ஆண் துணை அவர்தான். அவருக்கும் அம்மாவுக்கும் நடக்கும் பேச்சுவார்த்தையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். புருஷனின் அண்ணனிடம் நேராகப் பேசும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அம்மா சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொள்வாள். பெரியப்பா கூடத்தில் உட்கார்ந்திருப்பார். நான் நடுவில். இருவர் குரலும் இருவருக்கும் கேட்கும். இருந்தாலும் சொல் என் வழியாகத்தான் போக வேண்டும்.

"உங்க அம்மாட்ட சொல்லு, நானும் ஆபீசுக்கு வாரேன்னு."

"பெரியப்பாவும் வாராகளாம்."

"சைக்கிள் ஓட்டணும்னு போட்டிருக்கே, அதுக்கு என்ன செய்யன்னு கேளு."

"சைக்கிளுக்கு என்ன செய்யன்னு கேக்குது."

பெரியப்பா சிரித்தார். "அட, அது ஆம்பளைக்குப் போட்டது, ஆத்தா. அச்சடிச்ச அட்டை. பொம்பள வந்து நின்னா அதெல்லாம் பாப்பாகளா? வெள்ளச் சேலையக் கட்டிக்கிட்டு வரச் சொல்லு. போய் நின்ன ஒடனே அழுதுரணும். அம்புட்டுத்தான். கண்ணுல தண்ணியப் பாத்தா அதிகாரி பேனாவ எடுத்துருவாரு."

பிறகு என் பக்கம் திரும்பினார். நானும் வர வேண்டும். தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது. செருப்பு வேண்டாம். சாப்பிட்டாயா என்று யாராவது கேட்டால் இல்லை என்று சொல்ல வேண்டும்.

"சாப்பிட்டிருந்தா?"

"சாப்பிட்டிருந்தாலும் இல்லைன்னுதான் சொல்லணும். எங்க, சொல்லு பாப்போம். சாப்டியா ஆத்தா?"

"இல்ல."

"இன்னுங் கொஞ்சம் மெதுவா."

"இல்ல."

"இது போதும்" என்று என் தலையைத் தடவினார். அவரை நான் குறைசொல்ல மாட்டேன். நிலத்தில் வெங்காயம் போட்டு, மழைக்கும் வியாபாரிக்கும் கையேந்திப் பழகியவர். வேலை என்பதும் ஒருவர் இரங்கிக் கொடுப்பது என்றே அவர் எண்ணியிருந்தார். அது பிழை என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், நான் ஒழுங்காகப் பொய் சொல்லாவிட்டால் அம்மாவுக்கு வேலை கிடைக்காது என்பதுதான். பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் அந்த ஒரு சொல்லைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அப்பா இறந்தபிறகு என்னோடு சேர்ந்து நடந்துபோகத் தெருப் பிள்ளைகள் யாரும் வருவதில்லை. ஆகையால் அதற்கு இடைஞ்சல் ஒன்றும் இருக்கவில்லை.

அவர் ஊருக்குத் திரும்பிய மாலையில் அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"நீ சைக்கிள் ஓட்டுவேல்ல?"

ஓட்டுவேன். அப்பாவின் வண்டியில் குரங்குப் பெடல் போட்டுப் பழகியவள் நான். சீட்டில் ஏறாமல், பாருக்குக் கீழே ஒரு காலை நுழைத்து, உடம்பை வளைத்துக்கொண்டு மிதிப்பது. அந்த வண்டி இப்போது எங்களிடம் இல்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பெரியப்பா அதை எடுத்துக்கொண்டு போயிருந்தார். அதைப் பார்த்துப் பார்த்து அம்மா அழுகிறாள் என்பதால்தான் எடுத்துப் போனார் என்று பின்னாளில் அறிந்தேன். போவதற்கு முந்தின நாள் நான் அதன் மணியை மட்டும் கழற்றிப் புத்தகப் பைக்குள் வைத்துக்கொண்டேன். நாக்கை விரலால் தள்ளினால் கிணிங் என்று ஒருமுறை ஒலித்து, உள்ளே வெகுநேரம் அதிர்ந்துகொண்டிருக்கும்.

"எனக்கும் சொல்லித் தாரியா?" என்றாள் அம்மா.

தெருமுனையில் வாடகைச் சைக்கிள் கடை வைத்திருந்த பாயிடம் பார் இல்லாத வண்டி ஒன்றே ஒன்று இருந்தது. மணி இல்லை. சீட்டின் போல்ட் துருவேறி இறுகிப்போய், உயரத்தைக் குறைக்க முடியாமல் நின்றது. "இந்த வண்டிய எவனும் கேக்க மாட்டான். நீ ஏன்டாம்மா கேக்குற? காலு எட்டாதே" என்றார். எனக்குத்தான் என்று சொல்லச் சொல்லியிருந்தாள் அம்மா. சொன்னேன். அந்தப் பருவத்தில் நான் நிறையப் பொய் சொன்னேன். எல்லாம் பெரியவர்கள் சொல்லிக்கொடுத்தவை.

புருஷன் இறந்து வருஷம் திரும்பாத பெண் வாசற்படி தாண்டக் கூடாது என்பது எங்கள் வளவுக் குடித்தனங்களில் எல்லோரும் கடைப்பிடித்த முறை. ஆகவே விடிவதற்குச் சற்று முன்னால் கிளம்பினோம். முந்தின இரவே எடுத்து வைத்த வண்டியை நான் தள்ளிக்கொண்டு முன்னால் போவேன். அம்மா, யாரோ போலத் தலையை மூடிக்கொண்டு, கூப்பிடு தூரம் பின்னால் வருவாள். தோல் பதனிடும் ஆலைகள் பக்கமிருந்து காற்று வீசினால் சுண்ணாம்பும் பச்சைத் தோலும் கலந்த நாற்றம் தெரு முழுவதும் நிற்கும். அந்த நேரத்தில்தான் பூ மார்க்கெட்டுக்குக் கூடைக்காரர்கள் போவார்கள். எதிரில் கூடை வருவது தெரிந்தால் அம்மா சுவரோரம் ஒதுங்கி, சுவரைப் பார்த்து நின்றுவிடுவாள். யாவாரத்துக்குப் போகிறவர்கள் முகத்தில் தான் விழிக்கக் கூடாதாம்.

ஒருநாள் மல்லிகைக் கூடையோடு வந்த ஓர் அம்மாள் நின்றுவிட்டாள்.

"எதுக்குத்தா இப்பிடிச் செவுத்துல முட்டிக்கிட்டு நிக்கிற?"

அம்மா வெறுங்கழுத்தின்மேல் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"ஓ, அதுவா. அடி போடி, பூ விக்கிற எனக்கே புருசன் இல்ல. எம் மூஞ்சியில நானே முழிச்சுட்டுத்தான் தெனமும் வாரேன். யாவாரம் நல்லாத்தான் இருக்கு." கூடையை ஒருமுறை சரிசெய்துகொண்டு போய்விட்டாள். அம்மா சிரித்தாளா என்று திரும்பிப் பார்த்தேன். இருட்டில் தெரியவில்லை.

ஊருக்கு வெளியே வற்றிக் கிடந்த குளம்தான் எங்கள் மைதானம். இரண்டு வருஷமாக மழை பொய்த்திருந்ததால், தரை வெடித்து, பிறகு மாட்டுக் குளம்புகள் மிதித்து இறுகி, சிமெண்டுத் தளம்போல் இருந்தது. மடைக்கல்லின்மேல் ஏறி நின்று அம்மா சீட்டில் உட்காருவாள். நான் கேரியரைப் பிடித்துக்கொண்டு தள்ளுவேன். முதலில் சில நாட்கள் விழுந்தோம். அவள் மட்டும் அல்ல, நாங்கள். விழும்போது அம்மாவிடமிருந்து சத்தமே வராது. எழுந்து, சேலையைத் தட்டி, முழங்கையில் எச்சிலைத் தொட்டு வைத்துக்கொண்டு, மறுபடியும் மடைக்கல்லுக்கு நடப்பாள்.

ஒருநாள் காலை, நான் கையை எடுத்ததை அறியாமல் அவள் போய்க்கொண்டே இருந்தாள். குளத்தின் நடுவரை போய், அகலமாக ஒரு வளைவு வளைந்து, என்னை நோக்கி வந்தாள். மலைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் அப்போதுதான் பரவத் தொடங்கியிருந்தது. பக்கத்தில் வந்ததும் "பிடி" என்றாள். ஓடிப்போய்க் கேரியரைப் பற்றி, காலைத் தரையில் ஊன்றி இழுத்தேன். வண்டி நின்றது. அவள் சீட்டிலிருந்து வழுக்கி இறங்கினாள். இருவருக்கும் மூச்சு வாங்கியது. "இன்னொரு தடவ?" என்றாள், ஏதோ தின்பண்டம் கேட்கிற சிறுமியைப்போல.

அந்தக் காலைகளை நான் இன்றும் பொத்தி வைத்திருக்கிறேன். வீட்டில் அம்மா என்னோடு பேசுவது குறைந்துபோயிருந்தது. சோறு போடுவாள், தலை வாருவாள். ஆனால் அவள் அங்கே இருக்கமாட்டாள். குளத்தில் மட்டும்தான் அவள் என்னைப் பெயர் சொல்லி அழைத்தாள். நேர்முகத் தேர்வு தள்ளிப்போக வேண்டும் என்று சாமி படத்தின்முன் ஒருமுறை வேண்டிக்கொண்டதும் உண்டு. அட்டை அங்கேதான் இருந்தது.

குறித்த நாள் வந்தது. எண்ணெய் இல்லாத தலையோடும் வெறுங்காலோடும் நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். புறப்படும்முன் அப்பாவின் மணியை அதன் கைப்பிடியில் பொருத்தியிருந்தேன். அம்மா பெரியப்பா சொன்னபடி வெள்ளைச் சேலை கட்டியிருந்தாள். அலுவலக வாசலில் காத்திருந்த பெரியப்பாவுக்கு வண்டியைக் கண்டதும் முகம் மாறியது.

"இது எதுக்கு, ஆத்தா?"

"அம்மா ஓட்டும்."

"என்னது?"

"அம்மாவுக்கு ஓட்டத் தெரியும் பெரியப்பா."

அவர் அம்மாவைப் பார்க்காமல், என்னைப் பார்த்துத் தணிந்த குரலில் சொன்னார். "கெடுத்துராதீக. சைக்கிள் ஓட்டுற பொம்பளைக்கு எவன்த்தா எரக்கப்படுவான்? அந்த மரத்துக்குப் பின்னால தள்ளி வையி."

வேப்பமரத்தின் பின்னால் சாய்த்து வைத்தேன்.

அதிகாரியின் அறைக்கு அரைக்கதவு. நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவர்களின் பாதங்கள் கதவுக்குக் கீழே தெரிந்தன. பேச்சு முழுவதும் கேட்டது. பெயர், ஊர், படிப்பு. ஒவ்வொன்றுக்கும் பெரியப்பாவே பதில் சொன்னார். அதிகாரியின் குரல் கடுமையாக இல்லை; களைத்திருந்தது.

"நான் அந்தம்மாவத்தான் கேக்குறேன். நீங்க கொஞ்சம் சும்மா இருங்க."

அம்மாவின் பாதங்கள் அரைவட்டம் திரும்பி, கதவின் பக்கம் பார்த்தன. எனக்குப் புரிந்தது. அந்நியர் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லிப் பழகாத அவள், தன் சொல்லை எடுத்துப்போய்ச் சேர்க்க என்னைத் தேடினாள்.

"அழுவுது பாருங்க சார்" என்றார் பெரியப்பா. "சைக்கிள் கியிக்கிள்னு போட்டிருக்கீக. அனாதையா நிக்கிது. நீங்கதான் மனசு வைக்கணும்."

"எனக்கும் மனசு இருக்குய்யா. வேலை தபால் கொண்டுபோற வேலை. இருபது ஆபீசுக்கு யாரு நடந்து போறது? நின்ன எடத்துல அழுதா, நாளைக்கு வேலையில எப்பிடி நிக்கும்? ஒண்ணு செய்யலாம். புள்ள வளந்து பதினெட்டு வயசாகட்டும். அதுக்கு வேணா எழுதி வைக்கிறேன்."

புள்ள என்பது நான். நான் என் கால்களைப் பார்த்தேன். அவை தரையைத் தொடவில்லை.

"ஓட்டுவேன் சார்."

அது யார் குரல் என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. மறுபடியும் கேட்டது. "ஓட்டுவேன். வண்டி வெளிய நிக்கிது."

எல்லோரும் முற்றத்துக்கு வந்தார்கள். அடுத்த அறைகளிலிருந்தும் ஊழியர்கள் வந்து வராந்தாத் தூண்களில் சாய்ந்துகொண்டார்கள். அம்மா முந்தானையை இடுப்பில் செருகினாள். மரத்தின் பின்னாலிருந்து வண்டியைத் தானே தள்ளிக்கொண்டு வந்து, வராந்தாவின் கீழ்ப்படியில் நின்று ஏறி உட்கார்ந்தாள். நான் கேரியரைப் பிடிக்க எழுந்தேன். பெரியப்பாவின் கை தோளை அழுத்தியது. "நில்லு. நீயும் போய் ஆடாத."

அம்மா படியைக் காலால் உந்தினாள். வண்டி ஒருமுறை தள்ளாடி, பிறகு நேரானது. வெள்ளைச் சேலையில், வேப்பமரத்தைச் சுற்றி, அவள் போனாள். தன்னையறியாமல் விரல் பட்டதோ என்னவோ, மணி ஒருமுறை ஒலித்தது. தூணோரம் நின்ற, அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர் "நம்மாளு பெல்லு சத்தம்டா இது" என்றார்.

"சரிம்மா, போதும். எறங்கு" என்றார் அதிகாரி.

அம்மா இறங்கவில்லை. இன்னொரு சுற்று வந்தாள்.

"போதும்மா."

மறுபடியும் சுற்றினாள். "சார், அந்தம்மா சர்க்கஸ் வேலைக்குல்ல வந்திருக்கு" என்று ஒருவர் சொல்ல, சிரிப்பு எழுந்தது. சுற்றுகள் கூடக் கூட அந்தச் சிரிப்பு தானாக ஓய்ந்தது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மாவுக்கு இறங்கத் தெரியாது. சீட்டிலிருந்து அவள் கால் தரைக்கு எட்டாது. நான் கற்றுக்கொண்டது குரங்குப் பெடல். அதில் நிறுத்தும்போது பக்கவாட்டில் குதித்துவிடுவேன். சீட்டில் உட்கார்ந்து ஓட்டுகிறவர் எப்படி இறங்குவார் என்று எனக்கே தெரியாது. தெரியாததை நான் சொல்லித்தரவில்லை. ஒவ்வொரு காலையிலும் அவளை நிறுத்தியது பிரேக் அல்ல, என் கை.

அவள் எங்களைக் கடந்தபோது முகத்தைப் பார்த்தேன். கண் நேராக இருந்தது. உதடு மட்டும் அசைந்தது. சத்தமில்லை. பிடி.

பெரியப்பாவின் கையை உதறிவிட்டு ஓடினேன். சரளைக்கல் வெறுங்காலில் குத்தியது. மரத்தின் மறுபுறம் கேரியர் கைக்கு அகப்பட்டது. குதிகாலை ஊன்றி இழுத்தேன். வண்டி நின்றது, அம்மா வழுக்கி இறங்கினாள். ஒரு கை சீட்டில், ஒரு கை என் தோளில்.

"அம்மா ஓட்டுறதப் பாத்துப் புள்ளைக்கு இருப்புக் கொள்ளல" என்று அதிகாரி சொல்லிவிட்டு உள்ளே போனார். அவர் பேனாவை எடுத்ததைப் பெரியப்பா அரைக்கதவுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். நான் சாப்பிட்டேனா என்று யாரும் கேட்கவே இல்லை.

பரபரப்பில் வண்டியை மணியோடு கடையில் விட்டுவிட்டேன். மறுநாள் போய்க் கேட்டபோது, அதை யாரோ வாடகைக்கு எடுத்துப்போய்த் திருப்பிக் கொண்டுவந்திருந்தார்கள். கைப்பிடியில் மணி இல்லை. பாய் தன் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டுத் தேடினார். வேறு மணி தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

வேலை உத்தரவு வந்த வாரத்தில் பெரியப்பா பஸ்ஸின் மேலே போட்டு ஒரு சைக்கிள் கொண்டுவந்தார். பழைய வண்டி, பார் இல்லாதது, சீட்டு தாழ்ந்தது. கூடத்தில் உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்தபடி என்னிடம் சொன்னார். "தம்பி வண்டியக் குடுத்துட்டுத்தான் இத வாங்கினேன்னு உங்க அம்மாட்ட சொல்லு. கோவிச்சுக்கிற வேணாம்னு சொல்லு."

நான் வாயைத் திறப்பதற்குள் கதவுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. "கோவம் ஒண்ணும் இல்ல அத்தான். சாப்பிட்டுட்டுப் போங்க."

பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டார். நடுவில் நின்ற எனக்குச் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

பிறகு எங்கள் நாட்கள் மாறின. காலையில் தெரு வெளிச்சத்தில், எல்லோர் கண்முன்னும், அம்மா வாசற்படியிலிருந்து ஏறிப் போனாள். குழாயடியில் பேச்சு நின்று, அவள் போனபின் தொடர்ந்தது. பூட்டின் சாவி கயிற்றில் கோத்து என் கழுத்தில் தொங்கியது. பள்ளி விட்டு வந்து, மூடி வைத்த சோற்றைத் தனியாகச் சாப்பிட்டுவிட்டு, பூட்டிய வீட்டின் முன்னால் தெருமுனையைப் பார்த்து நிற்பேன். பொழுது சாயும் நேரத்தில் அம்மா வருவாள். "பிடி" என்பாள். ஓடிப்போய்ப் பிடிப்பேன். ஒரு நாளில் எனக்கென்று இருந்தது அந்த ஒரு சொல்தான்.

ஆனி முடியும் சமயம், ஒரு மாலை. அம்மா திரும்புவதைப் பார்த்ததும் வழக்கம்போல் நடுத்தெருவுக்கு வந்து கைகளை நீட்டிக்கொண்டு நின்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. பிரேக்கைப் பிடித்தாள்; வண்டியை லேசாகச் சாய்த்தாள்; ஒரு காலைத் தரையில் ஊன்றி, மறுகாலை எடுத்து வைத்து, நின்றாள். எனக்கும் கேரியருக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளி இருந்தது.

"ஆபீசு ஆபீசா எறங்க வேண்டியிருக்கு. எத்தன நாளைக்குச் செவுத்தப் பிடிச்சு எறங்குறது? அங்கல்லாம் யாரு பிடிக்க வருவா? பழகிக்கிட்டேன்" என்றாள். அவள் முகம் மலர்ந்திருந்தது. நான் மகிழ்வேன் என்று அவள் எண்ணியிருக்க வேண்டும்.

நீட்டிய கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் பாவாடையில் துடைத்துக்கொண்டேன். அம்மா காக்கிப் பையைக் கழற்றினாள். அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள்போலும்.

"சாப்டியா?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றேன், மெதுவாக.

அவள் பையை வாசல் திண்டில் வைத்துவிட்டு, கை கழுவி, சோற்றைப் பிசைந்து உருட்டினாள். வீட்டுக்குள் விளக்குப் போடாமலே இருவரும் உட்கார்ந்திருந்தோம். அவள் கையில் கிரீஸ் வாசம் இன்னும் போகவில்லை. அன்று இரண்டாம் முறையாக, ஒவ்வொரு உருண்டையாக, முழுவதும் வாங்கிச் சாப்பிட்டேன்.